இஸ்திரி போட்ட நாலு டிக்கெட்

எங்கள் அப்பாவுக்கு ஒரு வியாதி உண்டு. கசங்கியது எதைப் பார்த்தாலும் தேய்த்துவிட வேண்டும்.

சட்டை, போர்வை, திரைச்சீலை எல்லாம் சரி, அது அவர் தொழில். தெருமுனையில் எங்களுக்குச் சலவைக் கடை இருக்கிறது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அம்மா துவைப்பார், அப்பா தேய்ப்பார். ஆனால் அப்பா செய்தித்தாளையும் தேய்த்துவிட்டுத்தான் படிப்பார். ஒரு தடவை என் தம்பி பொடி, மெழுகுக் கலரில் வரைந்த யானையைத் தேய்த்துவிட்டார். யானை உருகி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது. பொடி இரண்டு நாள் அப்பாவோடு காய் விட்டான்.

அந்த வியாதியால் எங்களுக்கு வரவேண்டிய பணமே போகப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பள்ளி விடுமுறையில் நாங்கள் நாலு பேரும் மாமா ஊருக்கு ரயிலில் கிளம்பினோம். அப்பாவின் சட்டைப் பைக்குள் பெரிய தொகை ஒன்று இருந்தது. அது இஸ்திரிப் பெட்டி வாங்க வைத்திருந்த பணம். பழைய பெட்டி இரும்புக் குண்டு போலக் கனக்கும். அதைத் தூக்கித் தூக்கி அப்பாவின் வலது மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. பத்து சட்டைக்கு ஒரு தடவை பெட்டியை வைத்துவிட்டுக் கையை உதறுவார்.

"இந்தப் பெட்டியைத் தூக்கிக் கடாசுங்க. லேசான நீராவிப் பெட்டி வாங்குங்க. இல்லேன்னா ஆறு மாசத்துல இந்தக் கையால ஒரு டம்ளர்கூடத் தூக்க முடியாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்த மாதிரிப் பெட்டி மாமா ஊரில்தான் கிடைக்கும். ஒன்றரை வருடம் சேர்த்த காசோடு அப்பா சிரித்த முகமாக ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார்.

பாதி வழியில் ரயில் நின்றது.

ஒரு சின்ன ஸ்டேஷன். இரண்டு பெஞ்சு, ஒரு குழாய், ஒரு மரம். அவ்வளவுதான். இஞ்சின் கெட்டுவிட்டதாம். 'இதோ சரியாகிவிடும்' என்றார்கள். ஒரு மணி நேரம் போனது. இரண்டு மணி நேரம் போனது. நல்ல மழை வேறு. அப்பா பிஸ்கட் வாங்க மழையில் ஓடித் தொப்பலாக நனைந்து வந்தார். ஐந்து மணி நேரம் கழித்து ஒலிபெருக்கி கரகரத்தது. 'இந்த ரயில் இதற்கு மேல் போகாது. பயணிகள் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளவும்.'

"மாற்று ஏற்பாடுன்னா என்னக்கா?" என்று பொடி கேட்டான்.

"நம்மளையே பாத்துக்கச் சொல்றாங்க" என்றேன்.

அந்த ஐந்து மணி நேரமும் நான் சும்மா இருக்கவில்லை. சும்மா இருக்க எனக்கு வராது. சுவரில் இருந்த அறிவிப்பு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படித்தேன். 'தண்டவாளத்தைக் கடக்காதீர்' முதல் 'இங்கே சைக்கிள் நிறுத்தாதீர்' வரை. கடைசியில், எறும்பு சைஸ் எழுத்தில் ஒரு அறிவிப்பு இருந்தது. ரயில் பாதி வழியில் நின்றுபோனால், போகாத தூரத்துக்கான கட்டணம் திரும்பக் கிடைக்கும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் அதற்கும் இழப்பீடு உண்டு. வேறு வண்டி பிடித்துப் போனால், ரசீது இருந்தால் அந்தச் செலவையும் தருவார்கள். முப்பது நாளுக்குள் அசல் டிக்கெட்டோடு விண்ணப்பிக்க வேண்டும்.

நான் நேராக ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், "சார், இழப்பீட்டுப் படிவம் இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்து, தூசு தட்டி, ஒரு படிவம் எடுத்துக் கொடுத்தார். "இதை இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்லம்மா" என்றார்.

வெளியே ஒரே ஒரு வேன்தான் நின்றது. அதன் டிரைவர் கேட்ட கூலியில் எங்களுக்குத் தலை சுற்றியது. வேறு வழியில்லை. பெட்டி வாங்க வைத்திருந்த பணத்தில் பாதிக்கு மேல் அந்த வேனுக்கே போய்விட்டது. இறங்கும்போது நான் ரசீது கேட்டேன்.

"ரசீதா? பாப்பா, இது வேன். நகைக்கடை இல்ல" என்று டிரைவர் சிரித்தார்.

"என் நோட்டுல எழுதிக் கொடுங்கண்ணா. வண்டி நம்பர், தேதி, காசு, உங்க கையெழுத்து. அவ்வளவுதான்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே பேனாவால் எழுதிக் கொடுத்தார்.

பெட்டி வாங்காமலே ஊர் திரும்பினோம். அப்பா மறுபடியும் அந்த இரும்புக் குண்டைத் தூக்கினார். ஆறு சட்டைக்கு ஒரு தடவை கையை உதற ஆரம்பித்தார்.

நான் தினமும் நச்சரித்தேன். "அப்பா, ஸ்டேஷனுக்குப் போகலாம். பணம் கிடைக்கும்."

"போனது போச்சு, விடும்மா" என்பார் அப்பா. "அந்தக் கவுண்டர்ல போய் யாரு நிக்கறது?"

அவருக்குக் கவுண்டர் என்றாலே ஆகாது. எனக்குக் காரணம் தெரியும். முன்பு ஒரு பார்சல் ஆபீசில், படிவத்தை அவர் மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தபோது, உள்ளே இருந்தவர் 'படிக்கத் தெரியாதா உனக்கு?' என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாராம். அன்றிலிருந்து எந்த ஆபீஸ் வாசலிலும் அப்பாவின் தோள் தானாகக் குனிந்துவிடும். எனக்கு அதைப் பார்த்தால் அழுகை வரும், கோபமும் வரும்.

இருபத்தெட்டு நாள் போனது. இருபத்தொன்பதாவது நாள் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, ஆபீஸ் கிடையாது. காலையில் நான் கடை மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"இன்னைக்குத்தான் கடைசி நாள். நீங்க வரலேன்னா நான் தனியாப் போறேன்."

"நானும்!" என்றான் பொடி.

அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "ஏங்க, இவ விடமாட்டா. ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க. நான் கடையைப் பாத்துக்கறேன்."

அப்பா பெருமூச்சு விட்டார். "சரி. போய் நல்ல துணி போட்டுக்கிட்டு வாங்க."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. படிவத்தை நான் எப்போதோ நிரப்பி வைத்திருந்தேன். கூடவே ஒரு கடிதம், நாலு தடவை அடித்துத் திருத்தி எழுதியது. டிக்கெட்டுகளும் வேன் ரசீதும் எங்கள் பாக்கெட் டப்பாவில் இருந்தன. துவைக்கிற துணிகளின் பையில் கிடைக்கிறதை எல்லாம் அம்மா அந்தத் தகர டப்பாவில்தான் போட்டு வைப்பார். மழையில் நனைந்து காய்ந்த டிக்கெட்டுகள் அப்பளம் போலச் சுருங்கியிருந்தன. டப்பாவை அப்பாவின் மேடையில் வைத்துவிட்டு நான் தலை வாரப் போனேன்.

நான் செய்த தப்பு அதுதான். அப்பாவின் மேடையில் கசங்கின தாளை வைக்கலாமா?

ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தபோது அப்பா சிலை மாதிரி நின்றுகொண்டிருந்தார். மேடையில் வேன் ரசீது, புது நோட்டுப் பக்கம் போல மொறுமொறுவென்று படுத்திருந்தது. பக்கத்தில் நாலு டிக்கெட்டுகள். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு மடிப்பு இல்லை. ஓரம் எல்லாம் கத்தி மாதிரி நேராக இருந்தது.

ஆனால் நாலும் கன்னங்கரேல் என்று இருந்தன. ஊர் இல்லை, தேதி இல்லை, ஓர் எழுத்து இல்லை.

"மேல துணி போட்டுத்தாம்மா தேய்ச்சேன்" என்றார் அப்பா. "பட்டுத் துணிக்குத் தேய்க்கற மாதிரி, மெதுவா... கசங்கின டிக்கெட்டோட போய் நின்னா மதிக்க மாட்டாங்களேன்னு..."

எனக்கு வந்த கோபத்தில் ஒரு நிமிடம் காது அடைத்துப்போனது. கத்தத்தான் வாயைத் திறந்தேன். அப்பா தன் வீங்கிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

"அப்பா டிக்கெட்டைக் கருக்கிட்டாரு! அப்பா டிக்கெட்டைக் கருக்கிட்டாரு!" என்று பொடி பாட்டே பாடினான். அவன் வாயில் ஒரு மிட்டாயைத் திணித்தேன்.

அந்த நேரம் பார்த்து மூலை பேக்கரிக்காரர் கடைக்குள் வந்தார். "அக்கா, என் சட்டையைக் குடுங்க. சீட்டைத் தொலைச்சிட்டேன். நம்பரும் ஞாபகம் இல்ல."

"சீட்டு போனா என்ன, சட்டை எங்க போகப் போகுது?" என்றார் அம்மா. அடுக்கியிருந்த வெள்ளைச் சட்டைகளில் ஒன்றின் காலரைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றைத் திருப்பினார். உள்பக்கம் அழியாத மையில் சின்னதாக ஓர் எண். நோட்டைப் புரட்டி அந்த எண்ணுக்கு நேராக விரலை வைத்தார். "நாப்பத்தேழு. நீங்கதான். பிடிங்க."

சலவைக் கடையில் எல்லாச் சட்டையும் ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் இருக்கும். யாருடையது என்று முன்பக்கம் சொல்லாது. காலரைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

நான் ஓடிப்போய் ஒரு டிக்கெட்டைத் திருப்பினேன்.

பின்பக்கம் வெள்ளையாகவே இருந்தது. கீழ் ஓரத்தில், சிவப்பு மையில், பொடிப் பொடியாக எட்டு இலக்க எண். அடுத்த டிக்கெட்டைத் திருப்பினேன், அதிலும் இருந்தது. நாலும் வரிசையாக, அடுத்தடுத்த எண்கள்!

"அப்பா! காலர்ல நம்பர் இருக்குப்பா!"

"எந்தக் காலர்ல?" என்று அப்பா விழித்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். பின்னால் பொடி ஓடி வந்தான்.

ஸ்டேஷன் மாடியில் மூன்றாவது கவுண்டர். உள்ளே ஒரு மேடம் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன்னால் நின்ற ஆள் ஏதோ கத்திவிட்டுப் போனார். அதனால் மேடம் முகம் கடுகடுவென்று இருந்தது. அப்பாவின் தோள் குனிந்துவிட்டது.

"என்ன வேணும்?"

"வணக்கம் மேடம். பாதியில நின்ன ரயிலுக்கு இழப்பீடு கேட்டு வந்திருக்கோம்" என்று தாள்களை நீட்டினேன்.

மேடம் கடிதத்தைப் படித்தார். ரசீதைப் பார்த்துத் தலையாட்டினார். டிக்கெட்டுக்கு வந்ததும் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"இது என்ன?"

"டிக்கெட், மேடம்."

"டிக்கெட்டா? அடுப்புக்கரி மாதிரி இருக்கு!"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்பா என் தோளைத் தொட்டு, "வாம்மா, போயிடலாம்" என்று மெல்லச் சொன்னார்.

நான் நகரவில்லை. "மேடம், தயவு செஞ்சு பின்னால திருப்பிப் பாருங்க. நம்பர் இருக்கு."

அவர் திருப்பினார். "இருக்கு. ஆனா இது தாளோட நம்பர்மா. தாள் சுருள் அச்சாகி வரும்போதே இதோடதான் வரும். எந்த ரயில், எந்தத் தேதின்னு இதுல ஒண்ணும் இல்லையே."

"எங்க சலவைக் கடையிலயும் அப்படித்தான் மேடம். காலர்ல வெறும் நம்பர்தான் போடுவோம். அது யாரோட சட்டை, என்னைக்கு வந்ததுன்னு எல்லாம் நோட்டுல இருக்கும். இந்த நம்பர் தாளை என்னைக்கு, எந்த ரயிலுக்கு வித்தாங்கன்னு உங்க நோட்டுலயும் இருக்குமே?"

மேடம் என்னையே பார்த்தார். "எங்ககிட்ட நோட்டு இல்ல. கம்ப்யூட்டர்தான்."

"அப்ப இன்னும் சுலபம்தானே மேடம்!"

வரிசையில் மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை என்னோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு. மேடத்தின் உதடும் கொஞ்சம் அசைந்தது. தொலைபேசியை எடுத்து, கீழே டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் பேசினார். எட்டு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். பொடி மட்டும் நிம்மதியாக மிட்டாயைக் கடைவாய்க்கு மாற்றிக்கொண்டான்.

"ம்... ஆமா... சொல்லுங்க." மேடம் எழுதிக்கொண்டே வந்தார். "ரெண்டு முழு டிக்கெட், ரெண்டு அரை டிக்கெட். அதே தேதி, அதே ரயில். சரி, நன்றி."

தொலைபேசியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "எல்லாம் பொருந்துது. பணம் கிடைக்கும். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது சூட்டுல அச்சாகற தாள். சூடு பட்டா முழுசாக் கறுத்துடும். இதைப் போய் யாரு அடுப்புல வெச்சது?"

பொடி வாயைத் திறந்தான். நல்ல வேளை, மிட்டாய் பல்லில் ஒட்டிக்கொண்டது.

"தெரியாம நடந்துடுச்சு மேடம்" என்று நான் அவசரமாகச் சொன்னேன். "எங்க வீட்டுல எல்லாத்தையும்..."

"நான்தாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா ஓர் அடி முன்னால் வந்து நின்றார். தோள் குனியவில்லை.

"நான்தான் தேய்ச்சேன். இஸ்திரி போடறது என் தொழில். கசங்கின டிக்கெட்டோட வந்தா நீங்க மதிக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். கருகிப்போச்சு. தப்பு என்னோடதுங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா அந்தச் சுவத்துல இருந்த அறிவிப்பைப் படிச்சது இவ. படிவம் வாங்கினது, ரசீது வாங்கினது, கடுதாசி எழுதினது எல்லாம் இவ. வரமாட்டேன்னு அடம் பிடிச்ச என்னை இருபத்தொன்பது நாளா விடாம இழுத்துட்டு வந்ததும் இவதான். அந்த நம்பரைக் கண்டுபிடிச்சதும் இவதாங்க."

என் தலைமேல் கை வைத்தார். வீங்கின கையைத்தான் வைத்தார்.

"இவ என் பொண்ணு."

மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். தப்பையும் அதே சத்தத்தில்தான் சொல்லியிருந்தார். எனக்கு மூக்கு நுனி சுருசுருவென்றது. அழுதால் ரிப்பனுக்கு மரியாதை இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இவர் என் அப்பா என்று நானும் அதே மாதிரி கத்த வேண்டும் போல இருந்தது.

மேடம் விண்ணப்பத்தில் முத்திரையைத் 'தொப்'பென்று குத்தினார். "அந்த ரயில்ல எத்தனை நூறு பேர் வந்திருப்பாங்க! இன்னி வரைக்கும் யாருமே வரலை. இதுதான் மொதல் விண்ணப்பம்." பிறகு ஒரு டிக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒண்ணு சொல்லணும். ஒரு ஓரம்கூட மடங்கலை. தேய்ச்சா இப்படித் தேய்க்கணும்!"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எந்த ஆபீசிலும் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மூன்று வாரத்தில் பணம் வந்தது. வேன் கூலி முழுதும், மிச்சத் தூரத்துக்கான கட்டணம், தாமதத்துக்கான இழப்பீடு, எல்லாம் சேர்த்து. அப்பா மாமா ஊருக்கு ஒரு நடை போய்ப் புதுப் பெட்டியோடு திரும்பினார். நீல நிறம். பொடிகூட ஒரு கையால் தூக்கிவிடுவான். தூக்கியும் காட்டினான், அம்மா ஓடிவந்து பிடுங்கும் வரை.

மறுநாள் காலை கடையில் நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா புதுப் பெட்டியால் சட்டைமேல் சட்டையாகத் தேய்த்துத் தள்ளினார். வந்தவர் போனவர் எல்லாருக்கும் கதையும் சொன்னார்.

முதலில் வந்தது எங்கள் டீச்சர். "என் பொண்ணு பேசினதைக் கேட்டு அந்த மேடம் அசந்துட்டாங்க டீச்சர்!" என்றார் அப்பா. அது உண்மைதான். நான் பேசாமல் இருந்தேன்.

அடுத்து பேக்கரிக்காரர். "அந்த மேடம் எழுந்து நின்னே கை குடுத்தாங்க!"

"அப்பா, அவங்க உட்கார்ந்துதான் இருந்தாங்க. கையும் குடுக்கலை" என்றேன்.

"உனக்குச் சரியாத் தெரியலை. நீ குள்ளம்" என்றார் அப்பா.

மூன்றாவதாகத் தபால்காரர் வந்தார். அப்பா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். இரண்டு கையையும் விரித்தார். "கேளுங்க, அந்த ஆபீசே எழுந்து நின்னு கை தட்டுச்சு!"

திருத்துவதற்காக நான் பேனாவைக் கீழே வைத்தேன். வாயையும் திறந்தேன். தபால்காரர் என்னைப் பார்த்து, "அடேங்கப்பா! நிஜமாவா பாப்பா?" என்றார்.

போகட்டும் என்று விட்டுவிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.